உச்ச நீதிமன்ற நீதிபதிகள்: நியமனமும் நீக்கமும்

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 124ஆவது பிரிவு, உச்ச நீதிமன்ற நீதிபதியை அமர்த்தும் முறையையும் நீக்கும் முறையையும் ஒரே இடத்தில் வகுத்துச் சொல்கிறது. அமர்த்தும் வழி சுருக்கமானது: குடியரசுத் தலைவர் தம் கையொப்பமும் முத்திரையும் இட்ட ஆணையால் நீதிபதியை நியமிப்பார், அதற்குமுன், தேவையெனத் தாம் கருதும் உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகளைக் கலந்தாலோசிப்பார், தலைமை நீதிபதி அல்லாத பிறரை நியமிக்கும்போது தலைமை நீதிபதியைக் கட்டாயம் கலந்தாலோசிப்பார். நீக்கும் வழியோ நெடியது. நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை, அல்லது பணியாற்ற இயலாமை என்ற இரண்டே காரணங்களுக்காக, நாடாளுமன்றத்தின் ஒவ்வோர் அவையும் ஒரே கூட்டத்தொடரில் தீர்மானம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரை வேண்ட வேண்டும். அத்தீர்மானத்தை அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினரும், வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரித்திருக்க வேண்டும். நுழைவாயில் இவ்வளவு எளிதாகவும் வெளியேற்றும் வழி இவ்வளவு கடினமாகவும் அமைந்ததால், நீதித்துறையின் மீது செல்வாக்குச் செலுத்த விரும்பிய ஒவ்வொரு தரப்பும் நுழைவாயிலையே கைப்பற்ற முயன்றது. முக்கால் நூற்றாண்டு காலமாக அமைச்சரவைக்கும் நீதிபதிகளுக்கும் இடையே நடந்துவரும் பூசலின் அடிப்படை இதுவே.

இந்த ஏற்பாட்டின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஸ்டூவர்ட் மன்னர்கள் தமக்கு ஒவ்வாத நீதிபதிகளை நினைத்தபோது பதவியிலிருந்து இறக்கிய காலத்துக்குப் பின், 1701இல் நிறைவேறிய வாரிசுரிமைச் சட்டம், நன்னடத்தை உள்ளவரை நீதிபதிக்குப் பதவி உண்டு என்றும், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் வேண்டினால் அவரை நீக்கலாம் என்றும் விதித்தது. தன் நாட்டு நீதிபதிகளுக்கு அளித்த அந்தப் பாதுகாப்பைப் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்கு உடனே அளிக்கவில்லை. 1861ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றச் சட்டத்தின்கீழ் கல்கத்தா, பம்பாய், சென்னை நீதிபதிகள் அரசியின் விருப்பம் உள்ளவரை மட்டுமே பதவியில் இருக்க முடிந்தது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் நிலைமையை ஓரளவு மாற்றியது. இன்றைய உச்ச நீதிமன்றத்தின் முன்னோடியான கூட்டரசு நீதிமன்றம் 1937 அக்டோபரில் சர் மாரிஸ் குவையரைத் தலைமை நீதிபதியாகக் கொண்டு தொடங்கியபோது, அதன் நீதிபதிகள் 65 வயது வரை பதவியில் இருக்கலாம் என்றும், பேரரசின் உச்ச மேல்முறையீட்டு அமைப்பான பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு அறிக்கை தந்தாலன்றி அவர்களை நீக்க முடியாது என்றும் ஆயிற்று. நியமனம் மட்டும் முழுமையாக மன்னரின் கையிலேயே நின்றது. விடுதலைக்குப் பின், அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பாக, அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சிவ பிரசாத் சின்ஹா, 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் கூட்டரசு நீதிமன்றம் விசாரித்து அளித்த அறிக்கையின் பேரில் 1949இல் பதவி நீக்கம் செய்யப்பட்டார். அப்போது தலைமை ஆளுநராக இருந்தவர் இராஜாஜி.

புதிய நாட்டுக்கு எத்தகைய உச்ச நீதிமன்றம் வேண்டும் என்று ஆராய அரசியல் நிர்ணய சபை அமைத்த தனிக்குழு, 1947 மே மாதத்தில் தன் அறிக்கையை அளித்தது. சென்னையைச் சேர்ந்த இரு சட்ட வல்லுநர்கள், அதாவது கூட்டரசு நீதிமன்ற முன்னாள் நீதிபதி எஸ். வரதாச்சாரியாரும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும், அக்குழுவில் இருந்தனர். நியமன அதிகாரத்தைக் குடியரசுத் தலைவரின் தனி விருப்பத்துக்கு விடுவது தகாது என்று கருதிய குழு, இரண்டு வழிகளை முன்வைத்தது. தலைமை நீதிபதியைக் கலந்துகொண்டு குடியரசுத் தலைவர் ஒருவரை முன்மொழிய, 11 பேர் கொண்ட ஒரு குழுவில் குறைந்தது 7 பேர் அதை உறுதிசெய்வது ஒரு வழி. அந்தக் குழுவே மூன்று பெயர்களைப் பரிந்துரைக்க, அவற்றுள் ஒருவரைத் தலைமை நீதிபதியின் ஆலோசனையுடன் குடியரசுத் தலைவர் தேர்வது மற்றொன்று. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகள் சிலர், நாடாளுமன்ற இரு அவைகளின் உறுப்பினர்கள் சிலர், அரசின் சட்ட அதிகாரிகள் சிலர் ஆகியோர் அந்த 11 பேர் குழுவில் இடம்பெறுவர். அமைச்சரவைக்கும் முழு அதிகாரம் இல்லை, நீதிபதிகளுக்கும் முழு அதிகாரம் இல்லை என்னும் இந்த யோசனை, இறுதியில் அரசியலமைப்புச் சட்டத்தில் இடம்பெறவில்லை. இந்திய நீதித்துறை வரலாற்றில் கைநழுவிய வாய்ப்புகளுள் இதற்கே முதலிடம் தர வேண்டும்.

1949 மே 24 அன்று நீதிபதி நியமனத்துக்கான பிரிவு அரசியல் நிர்ணய சபையின் விவாதத்துக்கு வந்தபோது, சென்னை மாகாணத்தின் சார்பில் அவையில் இருந்த பி. போக்கர் சாகிபு, தலைமை நீதிபதியைக் கலந்தாலோசித்தால் மட்டும் போதாது, அவருடைய இசைவும் பெறப்பட வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று கோரியவர்களும் இருந்தனர். அம்பேத்கர் இவ்விரு திசைகளையும் மறுத்தார். நியமனத்தை நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு விட்டால் அரசியல் கணக்குகள் உள்ளே நுழையும்; தலைமை நீதிபதி எவ்வளவு உயர்ந்தவராக இருப்பினும் எல்லா மனிதருக்கும் உள்ள குறைகளும் விருப்பு வெறுப்புகளும் அவருக்கும் உண்டு; குடியரசுத் தலைவருக்கோ அரசுக்கோ கொடுக்க நாம் தயங்கும் தனி அதிகாரத்தை இசைவு என்ற பெயரில் அவரிடம் ஒப்படைப்பது ஆபத்தானது என்பது அவர் வாதம். சபை அவர் பக்கம் நின்றது, திருத்தம் தோற்றது. ஆனால் கலந்தாலோசித்த பின் கருத்து வேற்றுமை எழுந்தால் எவருடைய சொல் நிற்கும் என்ற வினாவுக்கு விடை எழுதப்படாமலே விடப்பட்டது.

1950 ஜனவரி 28 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் ஒரு பகுதியில் உச்ச நீதிமன்றம் தன் முதல் அமர்வைக் கூட்டியது. தலைமை நீதிபதி எச். ஜே. கனியாவையும் சேர்த்து 8 நீதிபதிகளுக்கு மட்டுமே அன்று சட்டத்தில் இடம் இருந்தது. கனியா மறைந்ததும், 1951 நவம்பரில் அடுத்த மூத்தவரான சென்னையின் எம். பதஞ்சலி சாஸ்திரி தலைமை நீதிபதியானார். எழுதப்பட்ட விதி ஏதும் இல்லாத நிலையில், பணியில் மூத்தவரே தலைமை ஏற்பது என்ற மரபு இப்படித்தான் வேரூன்றியது. முதல் இருபது ஆண்டுகளில் அமைச்சரவையும் தலைமை நீதிபதியும் பெரும்பாலும் ஒத்துப்போயினர். எனினும் எம். சி. சீத்தல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம், 1958இல் வெளியிட்ட தன் 14ஆவது அறிக்கையில், வகுப்பு, வட்டாரம் முதலிய தகுதி சாராத காரணங்கள் நியமனங்களில் புகுந்துவிட்டதை எடுத்துக்காட்டியதோடு, தலைமைப் பதவிக்கு மூப்பு ஒன்றே தகுதியாகாது, நிர்வாகத் திறனையும் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நல்ல நோக்கத்தோடு சொல்லப்பட்ட இக்கருத்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நோக்கத்துக்குப் பயன்பட்டது.

1973 ஏப்ரல் 24 அன்று, 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு கேசவானந்த பாரதி வழக்கில் 7-க்கு 6 என்ற கணக்கில், அரசியலமைப்புச் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த நாளே, ஓய்வுபெறும் தலைமை நீதிபதி எஸ். எம். சிக்ரியின் இடத்துக்கு ஏ. என். ரே நியமிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அவரைவிட மூத்தவர்களான ஜே. எம். ஷெலட், கே. எஸ். ஹெக்டே, ஏ. என். குரோவர் மூவரும் தாண்டப்பட்டனர். மூவரும் கேசவானந்த பாரதி வழக்கில் அரசின் நிலைக்கு எதிராகத் தீர்ப்பெழுதியவர்கள். ரே அரசின் பக்கம் நின்றவர். மூவரும் பதவி விலகினர். நாடாளுமன்றத்தில் அரசின் செயலை நியாயப்படுத்திப் பேசியவர் மத்திய எஃகு, சுரங்கத் துறை அமைச்சர் எஸ். மோகன் குமாரமங்கலம், சென்னை மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர், முன்னாள் முதல்வர் ப. சுப்பராயனின் மகன். தலைமை நீதிபதியாக வருபவரின் சமூக நோக்கையும் அரசு கருத்தில் கொள்ளும், அதற்கு அரசுக்கு உரிமை உண்டு என்று அவர் மறைவின்றிச் சொன்னார். நிலச்சீர்திருத்தமும் வங்கி தேசியமயமும் நீதிமன்றத்தில் தடைபட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவ்வாதத்துக்கு அரசியல் வலு இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்த மையின் ஈரம் உலரும் முன்பே அத்தீர்ப்புக்குரியவர்கள் தாண்டப்பட்டதால், இனி எந்த நீதிபதியும் தீர்ப்பெழுதும்போது தன் வருங்காலத்தை எண்ண வேண்டிய நிலை உண்டாயிற்று. இது நீதித்துறைக்கு இழைக்கப்பட்ட பெருந்தீங்கு.

நெருக்கடி நிலை அந்தத் தீங்கை முழுமையாக்கியது. ஒரே ஆண்டில் 16 உயர் நீதிமன்ற நீதிபதிகள் அவர்களின் விருப்பம் கேட்கப்படாமல் வேறு மாநிலங்களுக்கு மாற்றப்பட்டனர். 1976 ஏப்ரலில், ஆள்கொணர்வு மனு (சட்டப்புறம்பாகக் காவலில் வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் மனு) நெருக்கடி நிலையில் செல்லாது என்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். 1977 ஜனவரியில் மூப்பின்படி தலைமை நீதிபதியாகியிருக்க வேண்டிய அவர் தாண்டப்பட்டு எம். எச். பேக் நியமிக்கப்பட, கன்னா பதவி விலகினார்.

நெருக்கடி நிலை முடிந்தும் பணிமாற்றம் என்ற ஆயுதம் கைவிடப்படவில்லை. 1981 தொடக்கத்தில், சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் கம்பன் ஆய்வால் தமிழுலகம் நன்கறிந்தவருமான மு. மு. இஸ்மாயில் கேரளத்துக்கும், பாட்னாவின் கே. பி. என். சிங் சென்னைக்கும் மாற்றப்பட்டனர். இஸ்மாயில் அம்மாற்றத்தை ஏற்காமல் பதவி விலகினார். இப்பணிமாற்றங்களையும், கூடுதல் நீதிபதிகளை வேறு மாநிலங்களுக்கு அனுப்ப ஒப்புதல் கோரிய சட்ட அமைச்சரின் சுற்றறிக்கையையும் எதிர்த்து எழுந்த எஸ். பி. குப்தா வழக்கில், 1981 டிசம்பர் 30 அன்று 7 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. முதலாம் நீதிபதிகள் வழக்கு என்று வழங்கும் இதில், கலந்தாலோசனை என்பது இசைவு ஆகாது, இறுதி முடிவு அமைச்சரவைக்கே உரியது என்று பெரும்பான்மையினர் கூறினர். அதே தீர்ப்பில் நீதிபதி பி. என். பகவதி, பலர் சேர்ந்து பரிந்துரைக்கும் கொலீஜியம் என்ற குழு அமைப்பு நல்லது என்ற யோசனையையும் எழுதினார்.

பன்னிரண்டு ஆண்டுகளில் அந்நிலை தலைகீழாயிற்று. 1993 அக்டோபர் 6 அன்று 9 நீதிபதிகள் அமர்வு அளித்த இரண்டாம் நீதிபதிகள் வழக்கின் தீர்ப்பில், ஜே. எஸ். வர்மா எழுதிய பெரும்பான்மைக் கருத்து, நியமனத்தில் தலைமை நீதிபதியின் கருத்தே மேலோங்கும் என்றும், அக்கருத்து அடுத்த இரு மூத்த நீதிபதிகளையும் கலந்து உருவாக வேண்டும் என்றும், தலைமைப் பதவிக்கு மூத்தவரே வர வேண்டும் என்றும் விதித்தது. 1998இல் குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் விளக்கம் கோரியபோது, அக்டோபர் 28 அன்று நீதிமன்றம் அக்குழுவைத் தலைமை நீதிபதியும் நான்கு மூத்த நீதிபதிகளும் அடங்கிய ஐவர் குழுவாக விரிவாக்கியது. இதுவே இன்றைய கொலீஜியம். அதன் பரிந்துரை சட்ட அமைச்சகத்துக்குச் சென்று, பிரதமர் வழியாகக் குடியரசுத் தலைவரை அடைகிறது. அரசு ஒருமுறை திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் மீண்டும் ஒருமனதாக வலியுறுத்தினால் நியமித்தே ஆக வேண்டும். அம்பேத்கர் மறுத்த இசைவு அதிகாரம், அரசியலமைப்புச் சட்டத்தின் ஓர் எழுத்தும் மாறாமல், தீர்ப்பின் வழியாக நீதிபதிகளிடம் வந்து சேர்ந்தது. 1973க்கும் 1977க்கும் பிறகு இப்படியொரு தற்காப்பை நீதிமன்றம் தேடியதைப் புரிந்துகொள்ளலாம். ஆயினும் உலகில் வேறெங்கும் காண அரிதான முறையில், நீதிபதிகள் தமக்குப் பின் வருவோரைத் தாமே தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டுக்கு அரசியலமைப்புச் சட்டத்தின் எந்த வாசகத்தையும் ஆதாரமாகக் காட்டுவது கடினம்.

1993ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தமிழ்நாட்டின் எஸ். ரத்தினவேல் பாண்டியன் தனியே எழுதிய பகுதி, ஏனைய பகுதிகளைவிடக் குறைவாகவே நினைவுகூரப்படுகிறது. யார் தேர்ந்தெடுப்பது என்பதில் பிறர் கவனம் நிற்க, யார் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பதை அவர் கேட்டார்; பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோரின் பங்கு உயர் நீதித்துறையில் மிகச் சிறிதாக இருப்பதைச் சுட்டி, நீதிமன்றம் ஒரு சாராருக்கு உரியதாகிவிடக் கூடாது என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. உச்ச நீதிமன்றத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த முதல் நீதிபதியாக சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து ஏ. வரதராஜன் பதவியேற்றது 1980 டிசம்பரில். முதல் பெண் நீதிபதியாக, பின்னாளில் தமிழக ஆளுநரான பாத்திமா பீவி பதவியேற்றது 1989 அக்டோபரில். இவ்விரண்டும் அமைச்சரவையின் சொல் மேலோங்கிய காலத்தில் நடந்தவை. நியமன அதிகாரம் கைமாறியதால் மட்டும் அமர்வின் முகம் மாறிவிடவில்லை.

கொலீஜியத்துக்கு மாற்றாக 2014 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஏறத்தாழ ஒருமித்து நிறைவேற்றிய 99ஆவது அரசியலமைப்புத் திருத்தம், தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை ஏற்படுத்தியது. தலைமை நீதிபதி, அடுத்த இரு மூத்த நீதிபதிகள், சட்ட அமைச்சர், பொதுவாழ்வில் சிறந்த இருவர் என 6 பேர் அதில் இருப்பர். எவரேனும் இருவர் மறுத்தால் ஒரு பெயர் விழுந்துவிடும். 2015 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்ற கணக்கில் அதை அடிப்படைக் கட்டமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. மூன்று நீதிபதிகளும் ஒத்த கருத்தோடு நின்றாலும் ஏனையோரில் இருவர் அவர்களைத் தடுத்துவிட முடியும் என்பதால், பெரும்பான்மையினரின் அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. மாறுபட்ட ஒற்றைத் தீர்ப்பை எழுதிய ஜே. செலமேஸ்வர், கொலீஜியத்தின் பதிவேடுகளைப் பொதுமக்கள் மட்டுமன்றிப் பிற நீதிபதிகளும் பார்க்க இயலாத நிலையைக் கண்டித்தார். அவர் எழுதியது உண்மை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபரில், கொலீஜியம் தன் முடிவுகளை நீதிமன்றத்தின் இணையதளத்தில் வெளியிடத் தொடங்கியது. ஆனால் காரணங்களை எவ்வளவு சொல்வது என்பது அவ்வப்போது வரும் தலைமை நீதிபதியைப் பொறுத்து மாறிவந்திருக்கிறது.

நீக்கத்தின் கதை இதைவிடச் சுருக்கமானது, ஆனால் அதிகம் வருத்தம் தருவது. 1968ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டத்தின்படி, மக்களவையில் 100 உறுப்பினர்களோ மாநிலங்களவையில் 50 உறுப்பினர்களோ கையொப்பமிட்ட அறிவிப்பை அவைத்தலைவர் ஏற்றால், உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒருவர், சிறந்த சட்ட அறிஞர் ஒருவர் ஆகிய மூவர் குழு விசாரிக்கும். குற்றம் மெய்ப்பட்டதாக அக்குழு கூறினால்தான் அவைகள் வாக்கெடுப்புக்குச் செல்லலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாகவும், பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் இருந்து 1989இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வி. ராமசாமி மீது, சண்டிகரில் தம் அரசு இல்லத்துக்கு அறைகலன்களும் கம்பளங்களும் பிறவும் வாங்கியதில் பொதுப்பணத்தை விதிமீறிச் செலவிட்டார் என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. 108 உறுப்பினர்கள் கையொப்பமிட்ட அறிவிப்பை மக்களவைத் தலைவர் ரபி ராய் 1991 மார்ச் 12 அன்று ஏற்றார். மறுநாளே மக்களவை கலைக்கப்பட்டது. அவை கலைந்தாலும் தீர்மானம் காலாவதியாகாது என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபரில் தீர்ப்பளித்த பின், பி. பி. சாவந்த், பி. டி. தேசாய், ஓ. சின்னப்ப ரெட்டி ஆகியோர் அடங்கிய குழு விசாரித்து, 14 குற்றச்சாட்டுகளில் 11 மெய்ப்பட்டதாக அறிக்கை அளித்தது.

1993 மே 10, 11 ஆகிய இரு நாள்களும் மக்களவை இதை விவாதித்தது. சோம்நாத் சாட்டர்ஜி தீர்மானத்தை முன்மொழிய, ராமசாமியின் வழக்கறிஞர் கபில் சிபல், உறுப்பினர் அல்லாதோர் நின்று பேசுவதற்கான அவையின் எல்லைத் தடுப்பருகே நின்று மணிக்கணக்கில் வாதாடினார். வாக்கெடுப்பின்போது அவையில் 401 பேர் இருந்தனர். 196 பேர் தீர்மானத்தை ஆதரித்தனர். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. ஆளும் காங்கிரஸ் கட்சியினரும் தோழமைக் கட்சியினருமாக 205 பேர் வாக்களிக்காமல் இருந்தனர். வாக்களித்த ஒவ்வொருவரும் ஆதரித்ததால் மூன்றில் இரண்டு பங்கு என்ற நிபந்தனை எளிதில் நிறைவேறியது. மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை என்ற நிபந்தனையில் தீர்மானம் வீழ்ந்தது. மூன்று நீதியறிஞர்கள் சான்றுகளை ஆய்ந்து எழுதிய முடிவை மறுத்து ஒரு சொல்லும் கூறாமல், மௌனத்தாலேயே அதைச் செல்லாததாக்க முடியும் என்பதை அந்த வாக்கெடுப்பு காட்டிற்று. ராமசாமி 1994 பிப்ரவரியில் உரிய வயதில் ஓய்வுபெற்றார்.

பின்னர் வந்த முயற்சிகள் வேறு விதமாக முடிந்தன. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென் என்பவரை நீக்கும் தீர்மானம் 2011 ஆகஸ்டில் மாநிலங்களவையில் 189-க்கு 16 என்று நிறைவேறியதும், மக்களவை வாக்களிக்கும் முன் அவர் பதவி விலகினார். நிலம் தொடர்பான குற்றச்சாட்டுகளால் உச்ச நீதிமன்றப் பதவி உயர்வு நின்றுபோன பி. டி. தினகரன், அக்குற்றச்சாட்டுகளை மறுத்துவந்தபோதிலும், விசாரணைக் குழு தன் பணியை முடிப்பதற்குள் 2011 ஜூலையில் விலகினார். தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராவுக்கு எதிராக 2018இல் கொடுக்கப்பட்ட அறிவிப்பை மாநிலங்களவைத் தலைவர் வெங்கையா நாயுடு தொடக்கத்திலேயே நிராகரித்தார். பதவி விலகினால் விசாரணையும் நின்றுவிடுகிறது என்பதால், குற்றம் நடந்ததா இல்லையா என்ற வினாவுக்கு நாட்டுக்கும் விடை கிடைப்பதில்லை, குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரும் தெளிவடைவதில்லை.

நீக்கத்தை எளிதாக்கிவிட்டால் போதும் என்று எண்ணுவோர் இலங்கையைப் பார்க்க வேண்டும். 2012 நவம்பரில் தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட குற்றப்பிரேரணையை நாடாளுமன்ற உறுப்பினர்களே அடங்கிய தெரிவுக்குழு விசாரித்தது. அதன் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தபோதும், 2013 ஜனவரியில் நாடாளுமன்றம் 155-க்கு 49 என்று வாக்களிக்க, அவர் நீக்கப்பட்டார். ஆட்சி மாறியபின் 2015 ஜனவரியில் அந்நீக்கம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, அவர் மீண்டும் பதவியில் அமர்ந்து மறுநாள் ஓய்வுபெற்றார். விசாரிப்பவரும் வாக்களிப்பவரும் ஒரே ஆளுங்கட்சியினராக இருக்கும் இடத்தில் எந்த நீதிபதிக்கும் பாதுகாப்பில்லை. இந்தியாவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் விசாரணையை நீதியறிஞர்களிடம் ஒப்படைத்தது, அதனளவில், சரியான ஏற்பாடு.

ஆகவே சீர்திருத்தம் முதலில் தேவைப்படுவது நுழைவாயிலில்தான். பரிந்துரைக்கப்பட்டவரை ஏன் தேர்ந்தார்கள், தகுதியுள்ள பிறரை ஏன் விட்டார்கள் என்பதைக் கொலீஜியம் ஒவ்வொரு முறையும் எழுத்தில் வைத்து வெளியிட வேண்டும். ஒரு பெயரை மறுக்கும் அரசும் தன் காரணத்தை எழுதித் தர வேண்டும். விடை சொல்லாமல் மாதக்கணக்கில் கோப்பை வைத்திருப்பது, சட்டம் தராத மறுப்பு அதிகாரத்தை அரசு தானே எடுத்துக்கொள்வதாகும். உயர் நீதிமன்ற நியமனங்களுக்கு 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு காலவரையறையை வகுத்திருக்கிறது. அதையே தன் நியமனங்களுக்கும் விரித்து, அரசும் அதற்குக் கட்டுப்படுமாறு செய்ய வேண்டும். பதவி விலகிய பிறகும் விசாரணைக் குழு தன் அறிக்கையை முடித்து வெளியிட வேண்டும் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரி சேர்ப்பது நாடாளுமன்றத்தின் கடமை. இவற்றுள் எதற்கும் அரசியலமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை.